துண்டுக்கடியில விரல்: என்க்ரிப்ஷன் லைப்ரரி பத்தி நம்ம பசங்க அடிக்கடி கேக்கற கேள்விங்க

எனக்கு ஊரு பாலக்கோடு பக்கம், வேலை ஓசூர்ல ஒரு சின்ன கம்பெனில. தர்மபுரி, பர்கூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கச்சிங்க பிராஜெக்ட் சீசன் வந்தா போன் பண்ணுவாங்க. கேக்கறது என்னவோ என்க்ரிப்ஷன் லைப்ரரி, அதாவது டேட்டாவ பூட்டி வைக்க ஏற்கனவே எழுதி வச்ச கோடு, அத பத்தி அதே பதினஞ்சு கேள்விதான், ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அனுப்பி தொண்டை வத்திப்போச்சு. அதான் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன், இனிமே லிங்க் மட்டும்தான் அனுப்புவேன், கோச்சுக்காதீங்க.

அண்ணா, கோட் எல்லாருக்கும் தெரியற மாதிரி ஓப்பன் சோர்ஸா இருந்தா திருடனும் படிச்சுடுவானே, அப்புறம் அது என்ன பாதுகாப்பு?

எல்லாரும் முதல்ல கேக்கறது இதுதான். போச்சம்பள்ளி சந்தைல மாட்டு தரகருங்கள பாத்திருப்பீங்க, துண்ட கை மேல போட்டுக்கிட்டு அதுக்குள்ள விரல பிடிச்சு வெல பேசுவாங்க. எந்த விரல பிடிச்சா எவ்ளோன்னு அங்க இருக்கற அத்தன தரகருக்கும் தெரியும், அதுல ரகசியமே கெடயாது. ஆனா துண்டுக்குள்ள இப்ப எந்த விரல பிடிச்சாங்கன்றது அந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். என்க்ரிப்ஷனும் அப்படித்தான், முறை ஊருக்கே தெரிஞ்சாலும் பரவாயில்ல, சாவி மட்டும் ரகசியமா இருந்தா போதும். இத கெர்க்காஃப்ஸ்ன்னு ஒரு டச்சுக்காரர் 1883லயே எழுதி வச்சுட்டாரு. இன்னிக்கு உலகம் பூரா ஓடற ஏஇஎஸ்ங்கற பூட்டற முறை கூட ஊரறிய போட்டி வச்சு தேர்ந்தெடுத்ததுதான், பெல்ஜியத்துக்காரங்க ரெண்டு பேர் டேமன், ரெய்மன்னு, அவங்க குடுத்தத 2001ல அமெரிக்கா ஸ்டாண்டர்டா அறிவிச்சாங்க. யாரு வேணா படிக்கலாம், படிச்சு ஒடைக்கப் பாத்தவங்க ஆயிரம் பேரு, இன்னும் ஒழுங்கா நிக்குது.

சரி, முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரு நெட்ல எப்படி சாவிய மாத்திக்கறாங்க? நடுவுல கேக்கறவன் கேட்டுட மாட்டானா?

இங்கதான் எனக்கே மயிர்க்கூச்செறியும். துண்டே இல்லாம, சந்த நடுவுல எல்லாரும் பாக்க விரல காட்டி பேசறாங்க, ஆனா கடைசில வெல அந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியுதுன்னா நம்புவீங்களா? 1976ல டிஃபி, ஹெல்மன்னு ரெண்டு பேர் அதத்தான் கணக்கா போட்டுக் காட்டினாங்க. ரெண்டு பேரும் மனசுக்குள்ள ஒரு நம்பர் வச்சுப்பாங்க, அத வச்சு கணக்குப் போட்டு வர்ற விடைய மட்டும் வெளில சொல்லுவாங்க, எதிராளி சொன்னதோட தன் நம்பர சேத்து திரும்ப கணக்குப் போட்டா ரெண்டு பேருக்கும் ஒரே விடை வரும், பாத்துட்டு நிக்கறவனுக்கு அந்த விடைக்குப் போக ஆயுசு பத்தாது. நீங்க பேங்க் சைட்ட தொறக்கும்போது நடக்கறது இதோட புது வடிவம்தான், வளைவுக் கணக்கு (எலிப்டிக் கர்வ்) வச்சு. ஒண்ணே ஒண்ணு, எதிர்ல நிக்கறது நெசமாவே அந்த தரகர்தானான்னு இந்தக் கணக்கு சொல்லாது. அதுக்குத்தான் சர்டிஃபிகேட், அத கீழ சொல்றேன்.

லாஜிக் புரிஞ்சுடுச்சுண்ணா, நானே எழுதிட்டா என்ன? எதுக்கு லைப்ரரி?

படிக்கறதுக்கு எழுது, தாராளமா எழுது. ஆர்எஸ்ஏங்கற என்க்ரிப்ஷன் முறைய பைத்தான்ல இருபது வரில எழுதிடலாம், நானும் எழுதி ஃப்ரெண்டுங்ககிட்ட பீத்திக்கிட்டவன்தான். ஆனா இன்னொருத்தர் டேட்டாவ அதுல போட்டு வைக்காத. ஏன்னா விடை சரியா வந்துட்டா மத்த கோட்ல வேல முடிஞ்சுது, இங்க விடை சரியா வந்த பிறகுதான் பிரச்சனையே ஆரம்பிக்குது. பாஸ்வேர்ட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாத்து தப்பான எழுத்து வந்ததும் உடனே இல்லன்னு சொல்ற மாதிரி எழுதியிருப்ப, அப்போ முதல் மூணு எழுத்து சரியா இருந்தா பதில் துளி லேட்டா வரும், அந்தத் துளிய அளந்தே ஒருத்தன் எழுத்து எழுத்தா கண்டுபிடிச்சுடுவான். 1996ல பால் கோச்சர்ன்றவர் நேரத்த மட்டும் அளந்து ஆர்எஸ்ஏ சாவியவே எடுக்கலாம்னு பேப்பர் போட்டாரு. நல்ல லைப்ரரில ஒப்பிடறதுக்கே தனி ஃபங்ஷன் இருக்கும், சரியோ தப்போ ஒரே நேரம்தான் எடுத்துக்கும்.

ரேண்டம் நம்பர் இன்னொரு குழி. பைத்தான்ல சாதா ரேண்டம் மாட்யூல் இருக்குல்ல, அது லூடோ ஆடத்தான் லாயக்கு, அதுல வர்ற 624 நம்பர பாத்துட்டா அடுத்தது என்னன்னு சொல்லிடலாம். சாவி, ஓடிபி இதுக்கெல்லாம் சீக்ரெட்ஸ் மாட்யூல்தான், பைத்தான் 3.6ல இருந்து கூடவே வருது. ஓடிபிக்கு சாதா ரேண்டம் போட்ட பிராஜெக்ட் ரிப்போர்ட் இந்த வருஷம் மட்டும் மூணு என்கிட்ட வந்துச்சு.

இத்தன பேரு கோட பாக்கறாங்கன்னா ஓட்டையே வராதா?

வரும். எல்லாரும் பாக்கலாம்ன்றதுக்கும் யாரோ பாக்கறாங்கன்றதுக்கும் ரொம்ப தூரம்.

ஓப்பன்எஸ்எஸ்எல்ன்னு ஒரு லைப்ரரி, 1998ல ஆரம்பிச்சது, பழைய எஸ்எஸ்எல்இஏஒய்-ங்கற கோட்ல இருந்து பிரிஞ்சு வந்தது. உலகத்துல பாதி வெப் சர்வருக்கு மேல அதுதான் அடித்தளம். அதுல 2012 மார்ச்ல வந்த 1.0.1 வெர்ஷன்ல ஒரு தப்பு உள்ள போச்சு, 2014 ஏப்ரல் 7 வரைக்கும் வெளிய யாருக்கும் தெரியல. ஹார்ட்பிளீட்ன்னு பேரு வச்சாங்க. விஷயம் ரொம்ப சின்னது. கனெக்‌ஷன் உயிரோட இருக்கான்னு பாக்க ஒரு முனை இன்னொரு முனைக்கு, இந்தா ஒரு வார்த்த, இத்தன எழுத்து, அப்படியே திருப்பிச் சொல்லுன்னு அனுப்பும். நீ ஒரே ஒரு எழுத்த அனுப்பிட்டு இது அறுபத்தஞ்சாயிரம் எழுத்துன்னு பொய் சொன்னா, சர்வர் எண்ணிப் பாக்காம அந்த ஒரு எழுத்தையும் அதுக்குப் பக்கத்துல மெமரில கெடந்த மிச்சத்தையும் சேத்து 64 கேபி வரைக்கும் அள்ளிக் குடுத்துடும். அந்த மிச்சத்துல அடுத்தவன் பாஸ்வேர்டு இருக்கலாம், சர்வரோட சாவியே இருக்கலாம். மூட்டை எவ்ளோ கனம்னு எடை போடாம, கொண்டாந்தவன் சொன்ன கணக்குக்கு காச எண்ணிக் குடுத்த மண்டிக்காரர் கதைதான்.

கூகுள்ல நீல் மேத்தான்னு ஒருத்தரும், ஃபின்லாந்துல கோடெனோமிகான் கம்பெனியும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. 1.0.1ஜி-ல சரி பண்ணாங்க. அப்பத்தான் எல்லாருக்கும் உறைச்சுது, இவ்ளோ பெரிய பாரத்த தூக்கிட்டிருந்தது கைவிரல் விட்டு எண்ணிடற அளவுக்கு ஆளுங்க, அதுவும் சரியான காசு இல்லாம. அதுக்கப்புறம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய கம்பெனிங்கள சேத்து காசு குடுக்க ஆரம்பிச்சுது. ஓப்பன்பிஎஸ்டிங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் ஆளுங்க கடுப்பாகி லிப்ரஎஸ்எஸ்எல்ன்னு தனியா பிரிச்சுக்கிட்டாங்க, கூகுள் போரிங்எஸ்எஸ்எல்ன்னு பிரிச்சுக்கிச்சு, ரெண்டும் அதே 2014தான்.

அதுக்கு முன்னாடி நடந்தது இன்னும் கூத்து. 2006ல டெபியன்ங்கற லினக்ஸ்ல ஓப்பன்எஸ்எஸ்எல்ல சேக்கும்போது, ஒரு டூல் வார்னிங் காட்டுதேன்னு நல்ல எண்ணத்துல வரிய எடுத்து விட்டுட்டாங்க, ரேண்டமுக்கு உயிரே அந்த வரிலதான் இருந்துச்சு. அதனால ஒரு வகை மெஷின்ல ஒரு சைஸ் சாவி மொத்தமே 32,768தான் வர முடிஞ்சுது. 2008ல கண்டுபிடிக்கற வரைக்கும் அந்தச் சாவிய வச்சுத்தான் ஆளுங்க சர்வர பூட்டிட்டிருந்தாங்க.

2024 மார்ச்ல எக்ஸ்இசட்ன்னு ஃபைல சுருக்கற ஒரு லைப்ரரி, அதுல பல மாசமா நல்லவன் மாதிரி கூடவே உழைச்ச ஒரு ஆளு 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல பின்கதவு வச்சுட்டான். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ன்னு ஒரு இன்ஜினியர், எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து சர்வர்ல நுழையற வழி) லாகின் அர செகண்டு லேட்டாகுதேன்னு நோண்டப் போயி மாட்டிக்கிச்சு. அர செகண்டு! நாமெல்லாம் நெட்டு ஸ்லோன்னு விட்டிருப்போம். கோட் மறைவா இருந்திருந்தா அவராலயும் நோண்டியிருக்க முடியாது, அதனால நான் இப்பவும் ஓப்பன் சோர்ஸ் பக்கம்தான்.

எந்த லைப்ரரிய எடுக்கறது? பேரெல்லாம் பாத்தா தலை சுத்துது.

நீ எந்த மொழில எழுதறங்கறதப் பொறுத்துதான். பைத்தான்னா கிரிப்டோகிராஃபின்னே பேரு இருக்கற பேக்கேஜ், அதுல ஃபெர்னெட்ன்னு ஒண்ணு இருக்கு, உள்ள ஏஇஎஸ் 128ம் அதுக்கு மேல யாரும் மாத்தலன்னு காட்டற எச்மேக் முத்திரையும் சேந்தே வரும், நீ எதையும் முடிவு பண்ண வேண்டியதில்ல, அதான் அதுல எனக்குப் புடிச்சதே. பழைய யூடியூப் வீடியோல பைகிரிப்டோன்னு போடுவாங்க, அது 2013க்கு அப்புறம் ரிலீஸே ஆகல, தொடாத. பிஎச்பின்னா 7.2ல இருந்து சோடியம் கூடவே வருது. ஜாவாவுக்கு பவுன்சி காசில், பேரு குழந்தைங்க குதிக்கற பலூன் கோட்டை மாதிரி இருந்தாலும் சரக்கு கெட்டி. கோ மொழில ஸ்டாண்டர்டு லைப்ரரியே போதும். நோட் ஜேஎஸ்ல நீ கூப்பிடற கிரிப்டோ மாட்யூலுக்கு அடில இருக்கறது ஓப்பன்எஸ்எஸ்எல்தான்.

சி, சி ப்ளஸ் ப்ளஸ்னா கண்ண மூடிட்டு லிப்சோடியம். டேனியல் பெர்ன்ஸ்டீன் கூட்டாளிங்களோட எழுதின நாக்ல்ன்ற லைப்ரரிய, ஃப்ராங்க் டெனிஸ்ன்னு ஒருத்தர் 2013ல எல்லா மெஷின்லயும் ஓடற மாதிரி ஆக்கினாரு, அதான் இது. ஓப்பன்எஸ்எஸ்எல்ல ஒரு மெசேஜ பூட்ட என்ன சைஃபர் (பூட்டற முறை), என்ன மோட் (அத ஓட்டற விதம்), பேடிங் (குறையற எடத்த நிரப்பறது) என்னன்னு அத்தனையும் உன்னக் கேக்கும், தப்பா சொன்னாலும் சரின்னு செஞ்சுடும். லிப்சோடியத்துல சாவிய குடு, நான்ஸ குடு, மெசேஜ குடு, முடிஞ்சுது.

நான்ஸ்ன்னா என்னண்ணா? சும்மா ஜீரோ போட்டா ஓடுதே.

ஓடும், அதான் ஆபத்து. ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒருதரம் மட்டும் பயன்படுத்தற நம்பர் அது, ரகசியமா இருக்கணும்னு இல்ல, ஆனா அதே சாவிக்கு திரும்ப வரவே கூடாது. ஏஇஎஸ்ஸோட ஜிசிஎம் மோட்ல ரெண்டு மெசேஜுக்கு ஒரே சாவி, ஒரே நான்ஸ் போட்டா ரெண்டையும் எக்ஸார் (பிட்டு பிட்டா ஒப்பிடற கணக்கு) பண்ணி உள்ள இருக்கறத நோண்ட ஆரம்பிச்சுடலாம், போலி மெசேஜும் செய்யலாம். ஜிசிஎம்ல அது 12 பைட்டுதான், லிப்சோடியம் சீக்ரெட்பாக்ஸ்ல 24 பைட்டு, அவ்ளோ பெருசுன்றதால ரேண்டமா எடுத்தாலே மோதாது. அப்புறம் இசிபின்னு ஒரு மோட் இருக்கு, அத எங்க பாத்தாலும் ஓடிடு, ஒரே மாதிரி டேட்டாவுக்கு ஒரே மாதிரி வெளில வரும், படத்த பூட்டினா பூட்டின பிறகும் உருவம் தெரியும்.

யூசரோட பாஸ்வேர்ட டேட்டாபேஸ்ல என்க்ரிப்ட் பண்ணி வச்சா போதும்ல?

வேணாம். பூட்டினத தொறக்க முடியும், பாஸ்வேர்ட யாருமே, நீயே கூட, தொறக்க முடியக்கூடாது. ராகிய அரைச்சு மாவாக்கிட்டா திரும்ப ராகி ஆகுமா? அதான் ஹாஷ். லாகின் பண்ணும்போது அவங்க குடுக்கறதையும் அரைச்சு ரெண்டு மாவும் ஒண்ணான்னு பாக்கறோம், அவ்ளோதான். ஆனா எம்டி5, ஷா 256 எல்லாம் ரொம்ப வேகமான மில்லு, திருடனும் செகண்டுக்கு கோடிக்கணக்குல அரைச்சுப் பாத்துடுவான். வேணும்னே மெதுவா அரைக்கறது வேணும், ஆர்கான்2 எடுத்துக்கோ, 2015ல பாஸ்வேர்ட் ஹாஷுக்குன்னே வச்ச போட்டில ஜெயிச்சது. ஆளுக்கொரு சால்ட் தானா சேரும், களிக்கு உப்பு மாதிரி, அது இல்லாம அரைச்சா ஒரே பாஸ்வேர்டு வச்ச நூறு பேருக்கும் ஒரே மாவு வந்துடும்.

பிகிரிப்ட்டும் நல்லதுதான், 1999ல இருந்து இருக்கு. ஆனா தமிழ்ல பாஸ்வேர்டு வைக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், இத எந்த டுடோரியல்லயும் நான் பாத்ததில்ல. பிகிரிப்ட் முதல் 72 பைட்டதான் பாக்கும். யூடிஎஃப் 8ல (எழுத்த கம்ப்யூட்டர் சேமிக்கற முறை) தமிழ் எழுத்துக்கு 3 பைட்டு, கி, கூ மாதிரி குறி சேந்ததுக்கு 6 பைட்டு. ஆக அப்படி குறி சேந்த 12 எழுத்துலயே 72 முடிஞ்சுடும், அதுக்கு மேல நீ என்ன அடிச்சாலும் நிறைய இடத்துல சத்தமில்லாம வெட்டிடும். எதுகை மோனையோட நீளமா ஒரு வரிய பாஸ்வேர்டா வச்சாலும் அது பாக்கறது முதல் ரெண்டு மூணு சொல்லத்தான்.

ஈஎஸ்பி32ங்கற வைஃபை சிப்புல மோட்டார் ஸ்டார்ட்டர் பண்றோம், போன்ல இருந்து போர் மோட்டார ஆன் பண்ற மாதிரி. அதுல என்க்ரிப்ஷன் ஓடுமா?

நம்மூரு பிராஜெக்ட்ல பாதி இதுதான், தோட்டம் எங்கயோ, வீடு எங்கயோ, ராத்திரி ரெண்டு மணிக்கு த்ரீ பேஸ் வந்தா யாரு எழுந்து போறது. ஓடும். எம்கியூடிடி-ய (இந்த மாதிரி டப்பாங்க மெசேஜ் அனுப்பிக்கற முறை) 1883 போர்ட்ல விட்டா எல்லாம் தொறந்தபடி போகும், 8883ன்னா டிஎல்எஸ், அதாவது பூட்டின வழி. ஈஎஸ்பி32ல அதுக்கு இருக்கறது எம்பெட் டிஎல்எஸ், முன்ன போலார்எஸ்எஸ்எல்ன்னு பேரு, சின்ன சிப்புக்குன்னே எழுதினது. மெமரி பத்தலன்னு அழும், ஏன்னா டிஎல்எஸ் ரெக்கார்டு ஒண்ணு 16 கேபி வரைக்கும் வரலாம்னு உள்ள வர ஒரு பஃபர், வெளில போக ஒரு பஃபர்னு எடுத்து வச்சுக்கும், கான்ஃபிக்ல வெளில போறத குறைச்சுக்கோ.

ஆனா உங்களுக்கு மண்டை காயறது அங்க இருக்காது, தேதில இருக்கும். கரண்டு போயி வந்ததும் அந்த சிப்பு இன்னிக்கு 1970 ஜனவரி 1ன்னு நெனச்சுக்கும். தேதிய சரிபாக்கற செட்டிங் போட்டிருந்தா, சர்வர் சர்டிஃபிகேட்டப் பாத்து இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லயேன்னு கனெக்‌ஷன வெட்டிடும். என் சித்தப்பா தோட்டத்துல நான் மாட்டின டப்பா ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு, ஒருநாள் கரண்டு கட்டானதுக்கப்புறம் செத்த மாதிரி கெடந்துச்சு, இவன் படிச்சதே வேஸ்ட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. காரணம் தேதின்னு தெரிய எனக்கு மூணு நாளாச்சு. பூட் ஆனதும் முதல்ல என்டிபில (நெட்ல சரியான நேரம் சொல்ற சர்வீஸ்) நேரம் வாங்கு, அப்புறம் டிஎல்எஸ்.

சர்டிஃபிகேட் எர்ரர் வந்தா வெரிஃபைய ஃபால்ஸ்னு போட்டா போயிடுது, அப்படியே விட்டுடலாமா?

எல்லாரும் பண்ற பாவம் இது. சாவி மாத்திக்கும்போது எதிர்ல நிக்கறது யாருன்னு தெரியாதுன்னு மேல சொன்னேன்ல, அத சொல்றதுதான் சர்டிஃபிகேட். அத பாக்காதேன்னு சொல்லிட்டா நீ நடுவுல நிக்கற திருடன்கூடயே பத்திரமா, பூட்டி, ரகசியமா பேசிட்டிருப்ப. நெட்ல சர்வர் வச்சிருந்தா லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 கடைசில இருந்து காசில்லாம குடுக்குது, வழக்கமா 90 நாளுக்கு, தானா புதுப்பிக்கற மாதிரி வச்சுடு. லேப்லயே ஓடற சர்வர்னா நீயே ஒரு சிஏ (சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடற இடம்) செஞ்சு அந்த ஃபைல லைப்ரரிக்கு காட்டு, அஞ்சு நிமிஷ வேல.

சாவிய எங்க வைக்கறது?

கோட்ல வைக்காத. எஸ்எம்எஸ் அனுப்பற ஒரு சர்வீஸோட கீய கோட்ல போட்டு பொது ரெப்போல ஏத்திட்டேன், வேலைக்குச் சேந்த முதல் வருஷம். சனிக்கிழமை ஏத்தினது, திங்கக்கிழமை போய் பாத்தா பேலன்ஸ் சுத்தமா காலி, யாரோ லோன் விளம்பரம் அனுப்பித் தீத்துட்டான். அப்புறம் அந்த வரிய அழிச்சா போதும்னு நெனச்சேன் பாருங்க, கிட்ல (கோடோட பழைய வடிவமெல்லாம் சேத்து வைக்கற டூல்) பழைய கமிட் அப்படியேதான் இருக்கும். வெளில போன சாவிய ரத்து பண்ணிட்டு புதுசு வாங்கறது மட்டும்தான் வழி. என்விரான்மென்ட் வேரியபிள்ல, அதாவது கோடுக்கு வெளில தனி ஃபைல்ல வை, அந்த ஃபைல கிட்இக்னோர்ல சேரு.

லைசென்ஸ் பிரச்சனை வருமா, காசு கேப்பாங்களா?

காலேஜ் பிராஜெக்ட்டுக்கு கவலையே வேணாம். விக்கப் போறீங்கன்னா மட்டும் படிங்க: ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0ல இருந்து, அதாவது 2021ல இருந்து, அபாச்சி 2. லிப்சோடியம் ஐஎஸ்சி, ரெண்டும் தாராளம். க்னூடிஎல்எஸ் எல்ஜிபிஎல், கொஞ்சம் நிபந்தனை உண்டு. வுல்ஃப்எஸ்எஸ்எல் ஜிபிஎல், உங்க கோட மூடி வைக்கணும்னா காசு குடுத்து லைசென்ஸ் வாங்கணும்.

குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா எல்லாம் போயிடும்னு சார் சொல்றாரு?

ஆர்எஸ்ஏ, வளைவுக் கணக்கு ரெண்டும் போயிடும், சார் சொல்றது சரிதான். ஏஇஎஸ் 256 நிக்கும். மாத்து ரெடியாயிட்டிருக்கு, 2024 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட ஸ்டாண்டர்டு அமைப்பு நிஸ்ட் மூணு புது ஸ்டாண்டர்டு விட்டாங்க, 2025 ஏப்ரல்ல வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5ல அது உள்ளயே இருக்கு. அத விட அவசரம், உங்க சர்வர்ல இன்னும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 ஓடுதான்னு பாருங்க, அதுக்கு இலவச அப்டேட் 2023 செப்டம்பர் 11லயே நின்னுபோச்சு. லேப் மெஷின்ல வெர்ஷன் கமாண்டு அடிச்சுப் பாத்தவங்க பாதிப் பேரு எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி சிரிச்சாங்க.

இதுல நம்ம நாட்டு ஆளுங்க பங்கு ஏதாவது இருக்கா?

ஐஐடி கான்பூர்ல மணீந்திர அகர்வாலும் அவர் மாணவருங்க நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் 2002ல ஒரு நம்பர் பகா எண்ணான்னு உறுதியா, அதுவும் நம்பர் பெருசாக ஆக நேரம் எக்கச்சக்கமா எகிறாம சொல்ற முறைய கண்டுபிடிச்சாங்க, உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஆனா லைப்ரரில ஆர்எஸ்ஏ சாவி செய்ய பகா எண் தேட இன்னும் மில்லர் ராபின்ங்கற முறைதான் ஓடுது, அது நூத்துக்கு நூறு உறுதி இல்லன்னாலும் ரொம்ப வேகம், தப்பாகற வாய்ப்ப எவ்ளோ வேணா குறைச்சுக்கலாம். கணக்குல ஜெயிச்சது கோட்ல ஜெயிக்கணும்னு இல்ல.

ஸ்கேப்பி, வயர்ஷார்க்ன்ற நெட்வொர்க்க நோண்டற டூல் வச்சு ஹாஸ்டல் வைஃபைய டெஸ்ட் பண்ணலாமா?

உன் போன், உன் லேப்டாப், உன் ரௌட்டர்னா பண்ணு. அடுத்தவங்க நெட்வொர்க்ல அனுமதி இல்லாம நுழைஞ்சா ஐடி சட்டம் 2000ல 43, 66 பிரிவு இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. டெஸ்ட் பண்ணேன் சார்னு சொன்னா போலீஸ் ஸ்டேஷன்ல டீ வாங்கித் தர மாட்டாங்க.

என்கிட்ட லேப்டாப் இல்ல, போன்ல பழக முடியுமா?

முடியும். ஆண்ட்ராய்டுல டெர்மக்ஸ்ன்ற கமாண்டு அடிக்கற ஆப் போட்டுக்கோ, அதுல ஓப்பன்எஸ்எஸ்எல் டூல்ன்ற பேக்கேஜ எறக்கு, பைத்தானையும் எறக்கு. முதல் நாள் உன் பேர ஷா 256ல போட்டுப் பாரு, 64 எழுத்து வரும். அப்புறம் ஒரே ஒரு எழுத்த மாத்திப் போடு, மொத்தமும் தலைகீழா மாறியிருக்கும். ரெண்டையும் ஒரு நோட்ல பக்கத்துல பக்கத்துல எழுதி போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பு, அங்கருந்து பேசுவோம்.